பத்து நாள் மணமகள்

விளம்பரப் பலகையில் இருந்த மணப்பெண்ணுக்கு மலை ஏறத் தெரியாது. லிஃப்ட் நின்றுபோன நாட்களில் மூன்றாவது மாடி ஏறச் சலித்துக்கொண்டு, வாட்ச்மேன் நாற்காலியிலேயே உட்கார்ந்து விளம்பர நிறுவனத்துக்கு வரும் அழைப்புகளைத் தன் கைபேசியில் எடுத்துப் பேசுகிற வரவேற்பறைப் பெண் அவள். மாடலுக்குக் கொடுக்க வேண்டியதை மிச்சம் பிடிக்க அவளையே நிறுத்திவிட்டார்கள். தலையில் இறகு செருகி, கன்னத்தில் மூன்று நிறத்தில் கோடு இழுத்து, கழுத்து ஒடிகிற அளவுக்கு மணிமாலை தொங்கவிட்டு, கீழே 'மேட்டுக்காரர் மணமகள்' என்று எழுதியிருந்தார்கள். மலைமக்களான மேட்டுக்காரர் வீடுகளில் இறகோடு திரிகிற ஒரே ஜீவன் கோழிதான்.

இது டிகிரிக்கு நன்றாகத் தெரியும். அவள் மேட்டுக்காரி. அம்மா வைத்த பெயர் வேறு; குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்ற அன்று, அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏய் டிகிரி, அந்தக் குடத்தை எடுத்து உள்ள வை" என்றாள். அதோடு சரி. உண்மையான பெயர் இப்போது சான்றிதழில் மட்டும்தான் இருக்கிறது.

மூன்று வருடமாக அவள் அந்த விளம்பர நிறுவனத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசகம் எழுதுகிறவள். 'இயற்கையின் மடியில்' என்ற இரண்டு சொல்லை மட்டும் பதினான்கு விடுதிகளுக்கு எழுதியிருக்கிறாள். அதில் ஒன்று சிமெண்டு ஆலைக்குப் பின்புறம் இருந்தது.

வினை ஆரம்பித்தது ஒரு தேநீர் நேரத்தில். டிசைனர் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், வந்து, உட்கார்ந்து, பலகாரத் தட்டைக் காலி செய்து, கீழே இறங்கிப்போய் "நிறம் கொஞ்சம் கம்மி" என்று போனில் சொல்லியிருந்தார்கள். அக்கா கண் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் டிகிரி வாயைத் திறந்தாள்.

"எங்க ஆளுங்கள்ல பொண்ணு பார்க்க யாரும் வர மாட்டாங்க அக்கா. பொண்ணுதான் போய்ப் பார்ப்பா."

அது உண்மை. மேட்டுக்காரர்களில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு ஒத்துப்போனால், பெண் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, துணைக்கு அத்தையை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். பத்து நாள் இருப்பாள். ராத்திரியில் அவளும் அத்தையும் அடுப்படியில் அந்தப் பாயில் படுப்பார்கள். மாப்பிள்ளை பத்து ராத்திரியும் அண்டை வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். பகலில் அவளுக்கு ஒரே வேலை, பார்ப்பது. அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், குடித்த டம்ளரைக் கழுவி வைக்கிறானா, அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான், கோபம் வந்தால் கதவை என்ன செய்கிறான். பதினோராம் நாள் காலை பாயை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் சம்மதம். பாயோடு வந்தால் வேண்டாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கக் கூடாது, பெற்றவர்களும் கேட்கக் கூடாது. அத்தை தன் காலத்தில் மூன்று வீடுகளிலிருந்து பாயோடு திரும்பி, நாலாவது வீட்டில் விட்டவள். ஊரில் ஒருத்தர் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டிகிரி இதைக் கொஞ்சம் திமிராகவே சொன்னாள். டிசைனர் அக்கா சிரித்தேவிட்டாள். அந்த நேரம் பார்த்து, கையில் காகிதக் கோப்பையோடு பின்னால் நின்றிருந்தான் ஐடியா. நிறுவனத்தின் தலை அவன். எந்த வாக்கியத்தையும் "ஒரு ஐடியா" என்று தொடங்குவான், மற்றவர்களுடைய வாக்கியத்தைக்கூட.

"ஒரு ஐடியா! சுற்றுலாத் துறை விளம்பரத்துக்கு இதையே எடுத்துக்கலாமே. பொண்ணுக்கு எவ்வளவு மரியாதை! உலகமே திரும்பிப் பார்க்கும்."

டிகிரி இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். டம்ளர், கதவு எல்லாம் அதில் இருந்தது. பிறகு ஒரு படிவம் வந்தது. எந்த இனத்தாரின் வழக்கத்தை விளம்பரத்தில் காட்டினாலும் அந்த இனத்தாரின் ஒப்புதல் வேண்டும் என்று துறையில் ஒரு விதி. 'சமூகப் பிரதிநிதி' என்ற இடத்தில் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

"இதுக்குப் போய் யாரு மலைமேல அலையறது? நீதான் இருக்கியே" என்றான் ஐடியா. "கீழ உன் பேர் போட்டு 'கலாச்சார ஆலோசகர்'னு அச்சடிக்கலாம்."

அந்தப் பதவியைக் கேட்டதும் டிகிரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்ததை மறைத்துப் பயனில்லை. நாலாயிரம் பேருக்காக அவள் ஒருத்தி கையெழுத்துப் போட்டாள். பேனாகூட ஐடியாவுடையது.

அவள் எழுதிய பக்கத்தில் இரண்டே சொற்கள்தான் பிழைத்தன. 'பத்து நாள்' என்பது ஒன்று, 'பாய்' என்பது இன்னொன்று. பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு மாடி உயரத்தில் பலகை எழுந்த அன்று காலை, வந்த பேருந்தின் படியிலேயே நின்று அவள் படித்தாள்.

'பத்து நாள் மணமகள். ஒரே பாய். கட்டுப்பாடுகள் அறியாத காதலின் மலைகள் அழைக்கின்றன.'

அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'நீங்களும் மணமகனாக வாழ்ந்து பாருங்கள். மூன்று பகல், இரண்டு இரவு, காலை உணவு உட்பட.'

பத்து நாள் லீவு எந்த அலுவலகத்தில் கொடுக்கிறார்கள்? அதனால் மூன்றாகச் சுருக்கியிருந்தார்கள்.

"ஏம்மா, இறங்கறியா, இல்ல திரும்ப வர்றியா?" என்று நடத்துநர் கத்தினார். டிகிரி இறங்கினாள். அவளுடைய ஒரே தங்கை, தையல் ஆலையில் லீவு சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு அத்தையோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அன்றைக்கு நாலாம் நாள்.

*

தங்கையின் அழைப்பு மதியம் வந்தது. டிகிரி சாப்பாட்டு டப்பாவோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அங்க என்னமோ போர்டு வெச்சிருக்காங்களாமே?"

"யாரு சொன்னா?"

"இவனோட சித்தப்பா போன்ல காட்டினாரு. 'ஏம்மா, பத்து நாள் முடிஞ்சா அடுத்த வீடு எது'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அவன் சிரிச்சானா?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "சிரிக்கல. வேற யாராவது அவரை அடக்குவாங்களான்னு சுத்திப் பார்த்துட்டு இருந்தான்."

"அத்தை?"

"அத்தை சும்மா இருக்குமா? 'உன் பொண்டாட்டி உன் வீட்டுல முப்பது வருஷமா இருக்காளே, அவளுக்குப் பார்வை போய் எத்தனை நாளாச்சு'ன்னு கேட்டுச்சு. அப்புறம் யாரும் சிரிக்கல. ஆனா எனக்குத்தான் சோறு இறங்கல."

டிகிரி சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"அக்கா, நான் பாயோடதான் வருவேன். நேத்தே முடிவு பண்ணிட்டேன், இந்தப் போர்டு கதை தெரியறதுக்கு முன்னாடியே. ஏன்னு கேக்காத."

"கேக்கல."

"ஆனா இப்ப எப்படிக்கா வர்றது? பாயோட வந்தா 'பத்து நாள் முடிஞ்சிருச்சு, அனுப்பிட்டாங்க'ம்பாங்க. விட்டுட்டு வந்தா ஆயுசுக்கும் இவனோட வாழணும். முன்னெல்லாம் வேண்டாம்னா வேண்டாம்தான். இப்ப அதுக்கு வேற ஒரு அர்த்தம் பண்ணி வெச்சிருக்காங்களே."

யார் பண்ணி வைத்தது என்று அவளுக்குத் தெரியாது. டிகிரி அதைச் சொன்னாள். படிவம், கையெழுத்து, கலாச்சார ஆலோசகர், எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்கு எதுக்குக்கா அந்த வாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தங்கை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அம்மா. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். அப்பா போய் ஆறு வருடத்தில் அவள் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றைக்கு உயர்த்தினாள்.

"டீச்சருங்க எல்லாம் ஒண்ணாக் கூடி நின்னு என்னைக் கேக்கறாங்கடி. 'உனக்கு எத்தனை பத்து நாள்'னு. நான் துடைப்பத்தைக் கையில வெச்சுட்டு நிக்கிறேன். சின்னவகிட்ட சொல்லிடு. பாயை அங்கயே விட்டுட்டு வரட்டும்."

"அம்மா, அவளுக்குப் பிடிக்கல."

"ஏனாம்?"

டிகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை அந்த வீட்டில் இந்த விஷயத்தில் யாரும் கேட்டதில்லை. அம்மாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்குத் தெரியாது. பாயோட வந்தா கூட்டிட்டு வர நான் போய் நிக்க மாட்டேன். அவ்வளவுதான்" என்றாள்.

*

மறுநாள் ஐடியாவின் அறைக் கதவை டிகிரி தட்டவில்லை. தள்ளினாள்.

"சார், போர்டை எடுக்கணும்."

"உட்காரு. தண்ணி குடி. என்ன பிரச்சனை? மணமகள்னுதானே போட்டிருக்கோம். அது கெட்ட வார்த்தையா?"

"மூணு பகல், ரெண்டு ராத்திரி மணமகன்னா என்ன சார் அர்த்தம்?"

"அனுபவம்."

"என்ன அனுபவம்?"

"கலாச்சார அனுபவம்மா. உடை போட்டுக்கறாங்க, மாலை மாத்திக்கறாங்க, ஒரு போட்டோ. நாங்க வேற ஏதாவது சொன்னோமா?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. பாயை மட்டும் விரிச்சு வெச்சிருக்கீங்க. மத்தத அவனவன் சொல்லிக்கறான்."

ஐடியா சிரித்தான். நல்ல வாசகம் காதில் விழுந்தால் அப்படித்தான் சிரிப்பான். "பாரு, இந்தக் கோபத்தையே எழுத்துல கொண்டுவா. உனக்கு எங்கயோ இருக்க வேண்டிய திறமை. நெகட்டிவா மட்டும் பார்க்காத. உங்க ஆளுங்களை இவ்வளவு நாள் யாருக்குத் தெரியும்? இப்ப ஊர் முழுக்கத் தெரியுது."

"அந்தப் பாயில இப்ப என் தங்கச்சி படுத்திருக்கா சார். இன்னிக்கு அஞ்சாம் நாள்."

சொன்னதுமே அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவையாக அதே ஆளிடம் அதே தப்பு. ஐடியாவின் கண் விரிந்தது. நாற்காலியில் முன்னால் நகர்ந்தான்.

"நிஜ மணமகளா? உங்க வீட்டுலயா? ஏம்மா முதல்லயே சொல்லல! ஒரு ஐடியா. பத்தாம் நாள் அவங்க கிளம்பும்போது ஒரு சின்ன வீடியோ. முகம்கூட வேண்டாம், பின்னால இருந்து போதும். அந்தப் பாய் மட்டும் தெரிஞ்சா போதும்."

மேசைமேல் தண்ணீர் நிரம்பிய கோப்பை இருந்தது. டிகிரி அதையும் அவன் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வெளியே வந்தாள். சட்டை நனைந்தால் அரை மணியில் காய்ந்துவிடும். காயாத இடத்தில் பிடிக்க வேண்டும்.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டுச் சுற்றுலாத் துறைக்குப் போனாள். இயக்குநர் ரொம்ப மென்மையான மனிதர். கோபப்பட்டவர்களை உட்கார வைத்து, மின்விசிறியைத் தானே எழுந்து கூட்டி வைக்கிற அளவுக்கு மென்மை. அவள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தார்.

"ஆனா, உங்க சமூகமே ஒப்புதல் குடுத்திருக்கேம்மா."

"யாரு சார் குடுத்தது?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயரைப் படித்தார்.

"அது நான்தான் சார்."

"அதைத்தான் சொல்றேன்."

"சார், நான் ஒருத்தி. சம்பளத்துக்கு வேலை பார்க்கறவ. முதலாளி நீட்டின காகிதத்துல போட்டேன். நாங்க நாலாயிரம் பேர். அதுல முக்கால்வாசிப் பேர் என்னை டிகிரின்னு கிண்டல்தான் பண்ணுவாங்க, என்னைப் பிரதிநிதியா எவனும் ஏத்துக்க மாட்டான்."

"படிச்சவங்க நீங்கதானேம்மா பேசணும்."

"அந்தக் கையெழுத்தை நான் திரும்ப வாங்கிக்கறேன்."

இயக்குநர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நிஜமாகவே வருந்தினார். "திரும்ப வாங்கறதுக்கு இதுல இடம் விடலியே."

நான்கு வருடம் உதவித்தொகைப் படிவத்தோடு அலைந்து படித்தவளுக்கு ஒரு விஷயம் மனப்பாடம். அதிகாரி அறையில் பேசுவதெல்லாம் அந்த மின்விசிறியோடு போய்விடும். தபால் பிரிவில் வரவு முத்திரை விழுந்த காகிதத்துக்கு மட்டும்தான் யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கையாலேயே எழுதினாள். தன் கையெழுத்து தன் ஒருத்திக்கு மட்டுமே என்றும், தன் இனத்தார் யாரும் தன்னைப் பிரதிநிதியாக அனுப்பவில்லை என்றும், விளம்பரத்தில் உள்ளது தங்கள் கல்யாண வழக்கமே அல்ல என்றும், ஒப்புதலே இல்லாத விளம்பரம் துறையின் சொந்த விதிக்கு விரோதமாக ஊர் நடுவே நிற்கிறது என்றும் எழுதினாள். 'நகல்: சட்டப் பிரிவு' என்று கடைசியில் போட்டாள். அந்த ஒரு வரிக்குத்தான் அலுவலகங்கள் பயப்படும்.

தபால் பிரிவில் இருந்த அம்மாள் வாங்கி வைக்காமல் முழுதும் படித்தார். அங்கே யாரும் எதையும் படிக்கிற வழக்கம் கிடையாது.

"நிஜமாவே ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க மேடம்."

"எங்க வீட்டுக்காரரை நான் ரெண்டு நாள் பார்த்திருந்தா போதும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, மையை நன்றாகத் தோய்த்து, அசலில் ஒன்றும் நகலில் ஒன்றுமாக மேசையே அதிர இரண்டு முத்திரை குத்தினார்.

ஏழாம் நாள் காலை டிகிரிக்கு வேலை போயிற்று.

"உன்னை எங்க குடும்பத்துல ஒருத்தியா நடத்தினோமே" என்றான் ஐடியா. குரல் தழுதழுக்கக்கூடச் செய்தது.

"குடும்பத்துல யாரும் வருகைப் பதிவு வெக்க மாட்டாங்க சார்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வரவேற்பறைப் பெண் மேசையிலிருந்து எழுந்து நின்றாள். "அக்கா, நான் சும்மா நிக்கச் சொன்னாங்கன்னு நின்னேன். கீழ என்ன எழுதுவாங்கன்னு எனக்குக் காட்டல" என்றாள். கன்னத்தில் கோடு போட்ட வண்ணம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இன்னமும் தடிப்புத் தடிப்பாக இருந்தது.

"எனக்கும்தான் காட்டல" என்றாள் டிகிரி.

*

கடிதம் வேலை செய்தது. அரசாங்கம் எப்படி வேலை செய்யுமோ அப்படிச் செய்தது. ஒன்பதாம் நாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஏணி சாத்தியிருந்தது. மேலே ஒருவர் வாளியில் பசை வைத்துக்கொண்டு, வரவேற்பறைப் பெண்ணின் முகத்தின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். டிகிரி ஓடிப்போய்க் கீழே நின்றாள். முகம் போயிற்று, இறகு போயிற்று, தோள் போயிற்று. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

"அண்ணே! எழுத்து அப்படியே இருக்கு!"

"ஆர்டர்ல 'படத்தை நீக்கவும்'னுதாம்மா இருக்கு."

"எழுத்துதான்ணே அசிங்கமே. என்ன எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நான் பசை போடறவன். எழுத்துக்கு வேற காகிதம் வந்தா வந்து ஒட்டறேன்." ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது பலகையில் தலைமுதல் இடுப்புவரை ஒரு பெண் அளவுக்கு வெறும் வெள்ளை. அதன் கீழே, 'பத்து நாள் மணமகள். ஒரே பாய்.' முன்பாவது அதில் ஒரு குறிப்பிட்ட பெண் இருந்தாள். இனிமேல் போகிற வருகிறவன் தனக்குத் தெரிந்த எந்த மேட்டுக்காரியை வேண்டுமானாலும் அதில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

டிகிரி தங்கைக்குப் போன் செய்தாள். "என்னால முகத்தைத்தான் எடுக்க முடிஞ்சுது. எழுத்து அப்படியே நிக்குது."

"பரவாயில்ல. நாளன்னிக்கு யார் வர்றீங்க?"

பெண் வீட்டிலிருந்து ஒருத்தர் போய், மாப்பிள்ளை ஊரில் தார்ச்சாலை முடிகிற இடத்தில் காத்திருப்பது வழக்கம். எப்போதும் அம்மாதான் போவாள்.

"நான் வர்றேன்."

"அம்மா வரலைன்னா சொல்லிடு. எதிர்பார்த்துட்டு வர வேண்டாம் பாரு."

"வரல. நீ எப்படி வரப்போற?"

"தெரியலக்கா" என்றாள் தங்கை. "இவங்க அம்மா ரெண்டு நாளா என் காலைப் பிடிக்காத குறைதான்."

*

பதினோராம் நாள் காலை தார்ச்சாலை முடிகிற இடத்தில் டிகிரிக்கு முன்னாலேயே ஒரு வேன் வந்து நின்றிருந்தது. துறை பலகையில் காகிதம் ஒட்டியது வேன்காரனுக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே வேற்று நாட்டவர்கள் ஏழெட்டுப் பேர். வழிகாட்டி ஒருவன், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒலிபெருக்கி. ஜன்னலோரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், சரிகைத் துணி தோளில் போட்டு மணமகனாக உட்கார்ந்திருந்தார். ரொம்பச் சங்கோஜமாக இருந்தார். பக்கத்தில் அவருடைய சொந்த மனைவி அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மேலே வளைவில் முதலில் அத்தை தெரிந்தாள். இடுப்பில் துணிப்பை, வாயில் ஏதோ வசவு. அவளுக்குப் பின்னால் தங்கை. தோளில் பாய்.



தங்கையின் பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவளுக்கும் பின்னால் சித்தப்பா. கடைசியில் அவன்; கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விட்டிருந்தான்.

"கண்ணு, சொல்றதக் கேளு" என்றாள் அந்த அம்மா, பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு. "நான் ஏன்னு கேக்கல. கேக்க மாட்டேன். பாயை மட்டும் குடுத்துட்டுப் போ. ஒரு ரெண்டு மாசம் போகட்டும், எல்லாரும் மறந்ததும் நானே கொண்டுவந்து குடுத்துடறேன். இப்ப நீ எடுத்துட்டுப் போனா எங்க வீட்டைப் பத்து நாள் வீடுன்னு பேர் வெச்சிருவாங்க. இவனுக்கு ஒரு தம்பி இருக்கான்."

"ஏற்கெனவே வெச்சாச்சு" என்றார் சித்தப்பா.

"நீ வெச்சதுதான்" என்றாள் அத்தை.

வேனிலிருந்து எல்லாரும் இறங்கியிருந்தார்கள். ஏழெட்டுக் கைபேசிகள் உயர்ந்தன. தங்கை அவற்றைப் பார்த்தாள், தன் தோளிலிருந்த பாயைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பாயைத் தோளில் வைத்தால் எல்லாம் சொன்னதாக ஆகிற காலம் போன வாரம்வரை இருந்தது. அவள் அந்தக் கையைப் பிடுங்கவில்லை. மெதுவாக ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.

"அம்மா, பாயைப் பார்த்தாலே உங்களுக்குப் புரியும். இவங்களுக்கும் அந்தப் போர்டைப் படிச்சவங்களுக்கும் புரியாது. அதனால வாயால சொல்லிட்டுப் போறேன்." அவனைப் பார்த்துத் திரும்பினாள். குரல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. "எனக்கு வேண்டாம்."

மேட்டுக்காரர்களில் அந்தச் சொல்லை அதுவரை எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்ததில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரி" என்றான். பத்து நாளில் அவன் தைரியமாகப் பேசியது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வழிகாட்டி ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னான். மணமகள் பத்து நாள் இன்பமாகக் கழித்துவிட்டுக் கணவனுக்கு நன்றி கூறி விடைபெறுகிறாளாம்; அடுத்த மணமகனைத் தேடி அவள் பயணம் தொடர்கிறதாம். வந்தவர்கள் கைதட்டினார்கள்.

டிகிரி நேரே போய் அவன் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினாள். கெஞ்சவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. மேசைமேல் இருக்கிற பேனாவை எடுப்பதுபோல எடுத்தாள். நான்கு வருடம் கல்லூரியில் முட்டி மோதிக் கற்ற மொழி அது. அதில் அவள் மூன்று வருடமாகப் பொய் தவிர வேறொன்றும் எழுதியதில்லை.

"இவன் சொன்னது பொய். அவள் அந்த ஆளோடு ஒரு ராத்திரிகூட இருக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பார்க்கப் போனாள். பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீங்கள் கைதட்டியது அதற்கு என்றால் தட்டுங்கள். இல்லையென்றால் போனைக் கீழே இறக்குங்கள்."

நாலு போன் இறங்கியது. மூன்று இறங்கவில்லை. மணமகன் வேஷம் போட்டவரின் மனைவி, "அப்படியென்றால் நாங்கள் பதிவு செய்த சடங்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"ஏய், யாரு நீ? என் பொழப்புல ஏன் மண்ணைப் போடற?" என்று வழிகாட்டி பாய்ந்தான்.

"கலாச்சார ஆலோசகர்" என்றாள் டிகிரி, ஒலிபெருக்கியை அவன் கையில் திணித்துவிட்டு.

பேருந்து வந்துவிட்டது. அத்தை முன்னால் ஏறி, மூன்று பேருக்கு இடம் பிடித்து, இரண்டு பேரோடு சண்டையும் போட்டு முடித்திருந்தாள். தங்கை பாயை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா ஏன்னு கேப்பா" என்றாள் தங்கை.

"கேப்பா."

"நீ நடுவுல வந்து எனக்காகப் பதில் சொல்லக் கூடாது."

"மாட்டேன்."

"எனக்காக நீ எங்கயும் எதுவும் சொல்லக் கூடாது. எழுதவும் கூடாது."

டிகிரி தலையாட்டினாள். அதற்குமேல் சொல்லுகிற யோக்கியதை அவளுக்கு இல்லை.

முன் இருக்கையிலிருந்த ஒரு பெண்மணி வெகுநேரமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயைப் பார்ப்பார், தங்கையின் முகத்தைப் பார்ப்பார். கடைசியில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, போர்டுல போட்டிருக்காங்களே, அது நீங்கதானா? பத்து நாள்..."

"இல்லங்க" என்றாள் தங்கை, இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல. "ஒருத்தனைப் போய்ப் பார்த்துட்டு, வேண்டாம்னு சொல்லிட்டு வர்றேன்."

"அப்படியெல்லாம் சொல்ல முடியுமா?"

"சொல்லியாச்சு."